பசையற்ற அப்பமும் பழம்பெருமையும்

தண்டலத்தில் நெடுஞ்சாலையை ஒட்டித் திறந்திருக்கும் பல்பொருள் அங்காடி ஒன்றின் வாயிலில் ஒரு பதாகை தொங்குகிறது: ‘ஃப்ளஃபியான க்ளூட்டன் ஃப்ரீ பான்கேக், இனி உங்கள் வீட்டிலேயே!’ தமிழ் கற்பித்துப் பிழைப்பவன் என்பதால் நின்று படித்தேன். முதல் நான்கு சொற்களுள் தமிழ் என்று சொல்லத்தக்கது ‘ஆன’ என்னும் ஈறு மட்டுமே. அதுவும் இல்லாவிட்டால் வாக்கியம் நின்றிருக்காது. விளம்பரங்களில் இன்று தமிழ் செய்துவரும் கூலிவேலை அது.

பதாகைக்குக் கீழே அடுக்கியிருந்த பொட்டலங்களுள் ஒன்றை எடுத்துப் பின்புறம் திருப்பிப் பார்த்தேன். அரிசி மாவு, மரவள்ளி மாவுச்சத்து, சர்க்கரை, பால்பொடி, சோடா உப்பு, அதைப் பொங்கவைக்க ஓர் அமில உப்பு, சாந்தன் பிசின். அரிசியைப் பற்றி ஏரிகள் நிறைந்த செங்கல்பட்டுச் சீமையில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மரவள்ளி மாவுச்சத்து, சேலத்து ஆலைகளில் ஜவ்வரிசியாக உருளுமுன் இருக்கும் அதே வெள்ளைப் பொடி. சாந்தன் பிசின் என்பது ஒரு நுண்ணுயிரியைச் சர்க்கரைக் கரைசலில் வளர்த்து, அது சுரக்கும் வழவழப்பைப் பிரித்து உலர்த்திய தூள். ஆக, நம் வீட்டு மாவுப் பானையில் ஓர் இரவில் நடக்கக்கூடியதை எங்கோ ஓர் ஆலைத் தொட்டியில் நடத்தி, பொடியாக்கி, பெயர் மாற்றி, பச்சரிசி விலையைப் போலப் பல மடங்குக்கு விற்கிறார்கள்.

வியாபாரி விற்பதில் வியப்பில்லை. என்னை எழுத வைத்தது பொட்டலமன்று. அதைப் பற்றி ஆசிரியர் அறையில் நடந்த பேச்சு. நான் சொல்லி முடிப்பதற்குள் சக ஆசிரியர் ஒருவர் கைபேசியை எடுத்து, தமக்கு வந்திருந்த செய்தியொன்றை உரக்கப் படித்தார். க்ளூட்டன் என்னும் நஞ்சை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்து ஒதுக்கியவன் தமிழனாம். இட்லிதான் உலகின் முதல் க்ளூட்டன் ஃப்ரீ உணவாம். நம் பாட்டிகளெல்லாம் விஞ்ஞானிகளாம். சுற்றியிருந்தோர் தலையசைத்தனர். அவர்களுள் இருவர் காலையில் உண்டது மைதா பரோட்டா என்பதை நான் அறிவேன்.

பொட்டலம் விற்பவரும் பாட்டி புகழ் பாடுபவரும் எதிரெதிர்த் தரப்பினர் போலத் தோன்றுகிறார்கள். என் பார்வையில் இருவரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். மாவு எப்படிப் பொங்குகிறது என்று அறிந்துகொள்ளும் பொறுப்பிலிருந்து நம்மை விடுவிக்கிறார்கள். அவர் காசு வாங்கிக்கொண்டு விடுவிக்கிறார், இவர் இலவசமாக.

*

முதலில் பழம்பெருமைக்காரரை எடுத்துக்கொள்கிறேன். அவர் என் துறைக்குள் வந்து நின்று பேசுகிறார்.

மதுரைக்காஞ்சியில் மதுரையின் அங்காடித் தெருவில் விற்ற மெல்லிய அடை ஒன்று தேனடைக்கு ஒப்பிடப்படுகிறது. தேனடை என்றால் கண்கள். கண்கள் என்றால் காற்று. சமைத்தவரின் கைப்பக்குவத்தை இத்தனை நுட்பமாகக் கண்டு சொன்ன உவமையை நான் வகுப்பில் எப்போதும் நின்று சொல்வேன். பெரும்பாணாற்றுப்படை இன்னும் நெருக்கமானது. அது காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை ஆற்றுப்படுத்துவது. அந்தக் காஞ்சி இங்கிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவு. இரு பாட்டுகளிலும் கூவியர் என்போர் வருகின்றனர். அப்ப வாணிகர் என்று உரை கொள்வர். இவ்வளவும் உண்மை. ஆனால் அந்த அடை எந்த மாவால் ஆனது, புளிக்கவைத்ததா இல்லையா என்று பாட்டு சொல்லவில்லை. பாட்டு சொல்லாததை அதன் வாயில் திணிப்பது புலமையாகாது.

இட்லியின் கதையோ பெருமைக்காரருக்கு இன்னும் சங்கடமானது. அதன் பெயரை ஒத்த பழைய சான்று கன்னடத்து ‘வட்டாராதனை’யில், கி.பி. 10ஆம் நூற்றாண்டில் கிடைக்கிறது. பழங்குறிப்புகளில் உளுந்து மட்டுமே பேசப்படுகிறது, அரிசியைக் காணோம் என்று உணவு வரலாற்றறிஞர் கே. டி. அச்சயா சுட்டிக்காட்டினார். க்ளூட்டனை அறிந்து ஒதுக்கினோம் என்பது அதைவிட நகைப்புக்குரியது. நம்மவர் கோதுமையை ஒதுக்கவில்லை. இங்கே அது விளையவில்லை. விளையாததை உண்ணாமலிருப்பதற்கு ஞானம் வேண்டியதில்லை. கோதுமை மலிவாகக் கப்பலில் வந்து இறங்கிய பிறகு நாம் என்ன செய்தோம் என்பதை ஒவ்வொரு முச்சந்தியிலும் உள்ள பரோட்டாக் கல் சொல்லும்.

கோதுமையில்லாமல் மெத்தென்று அப்பம் சுடுவது நம் தனிச் சொத்துமன்று. எத்தியோப்பியர் தெஃப் என்னும் கடுகினும் சிறிய தானியத்தைப் புளிக்கவைத்து, மேலெல்லாம் கண் விட்ட ‘இன்ஜெரா’ சுடுகின்றனர். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது முதல் கொரியர் இப்பக்கம் வந்து வாழ்கின்றனர். அவர்கள் ஊரின் ‘பிந்தேத்தொக்’ ஊறவைத்த பயறை அரைத்து ஊற்றுவது. நம் பெசரட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு. பெருமை பேசுவோர் இந்த உறவையாவது கொண்டாடலாம். செய்ய மாட்டார்கள், பெருமைக்குத் தனிமை தேவைப்படுகிறது.

*

பாட்டி விஞ்ஞானி என்று சொல்லிவிட்டு அவள் என்ன செய்தாள் என்று கேட்காமல் போவது அவளுக்குச் செய்யும் அவமதிப்பு. ஆகவே கேட்போம்.

கோதுமையில் உள்ள இருவகைப் புரதங்கள் தண்ணீர் பட்டுப் பிசையும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இழுபடும் வலையாகின்றன. அதுதான் க்ளூட்டன், இலத்தீனில் அச்சொல்லுக்குப் பசை என்றே பொருள். தமிழில் பசையம் என்கிறோம், நல்ல சொல். மாவுக்குள் எழும் காற்றை அந்த வலை பிடித்து வைப்பதால் ரொட்டி உப்புகிறது. அரிசியில் இந்த வலை கிடையாது. வெறும் அரிசி மாவைக் கரைத்துச் சோடா போட்டால் குமிழ் எழும், ஓட்டை வழியே போய்விடும், அப்பம் கல்லில் தகடாகக் கிடக்கும். பொட்டலக்காரர் சாந்தன் பிசின் சேர்ப்பது இதற்காகவே. நம் வீட்டில் அந்த வேலையைச் செய்தது உளுந்து.

உளுந்தை ஊறவைத்து அரைக்கும்போது ஆட்டுக்கல்லில் அது பொங்கி வருவதைப் பார்த்திருப்பீர்கள். ‘உளுந்து காணும்’ என்பார்கள். ஒரு படி போட்டால் பாத்திரம் நிறைய வெண்ணுரையாக எழும். உளுந்தின் புரதமும் அதிலுள்ள வழவழப்பான மாவுச்சர்க்கரையும் சேர்ந்து காற்றைப் பிடித்து வைக்கின்றன என்பதை மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தார் 1970களில் ஆராய்ந்து எழுதினார்கள். மாவைப் பொங்கவைக்கும் காற்று எங்கிருந்து வருகிறது என்பதற்கு 1965இல் வெளிவந்த ஓர் ஆய்வு விடை சொன்னது: உளுந்தோடும் அரிசியோடும் ஒட்டி வரும் லியூகோனாஸ்டாக் என்னும் நுண்ணுயிரி. அதற்குச் சர்க்கரை கிடைத்தால் அதுவே ஒருவகைப் பிசினைச் சுரக்கும் என்பது வேடிக்கை. ஆலைத் தொட்டியின் சிறு தம்பி நம் அடுக்களையில் வாடகையில்லாமல் குடியிருக்கிறது.

ஆப்பத்துக்கு வழி வேறு. உளுந்து குறைவு, சிலர் சேர்ப்பதே இல்லை. அரைத்த மாவில் ஒரு கரண்டி எடுத்து, தண்ணீர் விட்டுக் கூழாகக் காய்ச்சி, ஆறவைத்து, மீதி மாவோடு கலப்பார்கள். வெந்த மாவுச்சத்து நீரைப் பிடித்துக் குழைந்து, வலை செய்ய வேண்டிய வேலையைப் பாதியாவது செய்துவிடும். பொங்கவைக்கக் கள். தென்னங்கள்ளோ பனங்கள்ளோ ஒரு குவளை விட்டால் காலைக்குள் மாவு கலத்தைத் தாண்டும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அப்போது முதல் அந்த இடத்துக்குச் சோடா உப்பு முழு உரிமையோடு வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயரே ஆப்பசோடா. போத்தல் சாராயத்தை 2003 முதல் அரசே கடை வைத்து விற்கும் மாநிலத்தில் ஆப்பத்துக்கு ஊற்ற அரைக் குவளை கள் குற்றம் என்பதைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும், இப்போது வேண்டாம்.

பான்கேக் என்னும் சொல்லைப் பிரித்தால் சட்டியப்பம். ஆங்கிலேயர் இலங்கையில் ஆப்பத்தைக் கண்டு ‘ஹாப்பர்’ என்றனர். நம் சொல்லைத்தான் தம் நாவுக்கு வாகாக மாற்றிக்கொண்டனர். அவர்களுக்கு அன்று நம் சொல் வேண்டியிருந்தது. நமக்கு இன்று அது வேண்டாமென்று ஆகிவிட்டது.

*

இதுவரை சொன்னது ஒரு தமிழாசிரியனின் எரிச்சல் என்று நீங்கள் ஒதுக்கிவிடலாம். அப்படி ஒதுக்க முடியாத ஒன்று சென்ற ஆண்டு நடந்தது.

என் வகுப்பில் ஒரு மாணவி. பீகாரிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். தந்தை ஒரகடம் பக்கம் உதிரிபாக ஆலையொன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. சிறுவயதிலேயே இங்கு வந்து அரசுப் பள்ளியில் படித்ததால் என்னைவிடத் தெளிவாகத் தமிழ் பேசுவாள். அவளுடைய தம்பிக்கு எட்டு வயது; ஐந்து வயதுக் குழந்தை போல இருந்தான். ஓயாத வயிற்றுப்போக்கு, உப்பிய வயிறு, இரத்தசோகை. புழுவுக்கு மருந்து, சத்துக்கு மருந்து என்று மூன்று ஆண்டுகள் போயின. கடைசியில் சென்னையில் ஒரு மருத்துவர் இரத்தப் பரிசோதனையும் குடல் திசுப் பரிசோதனையும் செய்து, இது சீலியாக் நோய், பசையம் துளியும் கூடாது என்றார். கோதுமையைத் தவிர மருந்தே இல்லை என்று அவள் என்னிடம் சொன்னாள். தவிர்ப்பதைத் தவிர என்பதைத்தான் அப்படிச் சொன்னாள்.

இந்நோயின் காரணம் அறியப்பட்ட கதை துயரமானது. நெதர்லாந்தில் டிக்கே என்னும் குழந்தை மருத்துவர் கோதுமைமேல் முன்பே ஐயம் கொண்டிருந்தார். 1944–45 குளிர்காலப் பஞ்சத்தில் ஊரே ரொட்டியின்றி வாடியபோது அவருடைய நோயாளிக் குழந்தைகள் மட்டும் தேறினர். ரொட்டி திரும்பியதும் மீண்டும் நோயுற்றனர். 1950இல் அவர் தம் ஆய்வேட்டை அளித்தார். இன்றுவரை மருத்துவம் அந்த இடத்திலேதான் நிற்கிறது: வாழ்நாள் முழுதும் கோதுமை, பார்லி, கம்புக்கோதுமை எனப்படும் ரை ஆகியவற்றைத் தொடாதிருப்பது.

2016இல் வெளியான ஓர் ஆய்வு இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு மூன்றையும் ஒப்பிட்டது. நோய்க்கு இடம்தரும் மரபணு மூன்று பகுதியிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. நோயோ வடக்கில் மிகுதி, தெற்கில் மிக அரிது. வேறுபட்டது உண்ணும் கோதுமையின் அளவு. வடக்கே நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம், தெற்கே 25 கிராம். நம்மைக் காத்தது முன்னோரின் தீர்க்கதரிசனமன்று, தட்டில் இருந்த சோறு என்றே நான் இதைப் படிக்கிறேன். அந்தத் தட்டும் மாறிக்கொண்டிருக்கிறது.

நான் சொன்ன யோசனை எளிது என்று நினைத்தேன். “தோசை, ஆப்பம், இட்லி கொடுங்கள், எல்லாம் அரிசிதானே” என்றேன். சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்திருக்க வேண்டும். அம்மாணவியின் தாய்க்கு மாவு அரைக்கத் தெரியாது. வீட்டில் கல்லும் இல்லை. ஆகவே தெருமுனை உணவகத்தில் தினமும் இரண்டு ஆப்பம், சில நாள் இட்லி சாம்பார் வாங்கிக் கொடுத்தனர். இரண்டு வாரங்களில் பையன் மீண்டும் படுத்துவிட்டான்.

உணவகத்தில் போய்க் கேட்டேன். மாஸ்டர் நல்ல மனிதர், ஒளிக்கவில்லை. “ஓரம் முறுகலா வரணும்னா ஒரு கை மைதா போடணும் சார், எல்லாரும் போடுறதுதான்” என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பசையமற்றது என்று விற்கும் உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் பசையம் இருக்கலாகாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. ஒரு தேக்கரண்டி மைதாவில், 5 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 400 மில்லிகிராம் பசையம். ஒரு கிலோ மாவில் அதைக் கரைத்தாலே எல்லையைப் போல் 20 மடங்கு. மாஸ்டர் சொன்னது ஒரு கை.

ஆப்பம்தான் காரணம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. சாம்பாராகவும் இருக்கலாம். கடையில் விற்கும் பெருங்காயம் தனிப் பிசினன்று, கூட்டுப் பெருங்காயம். பல நிறுவனங்கள் அதில் மைதாவைச் சேர்க்கின்றன, சில அரிசி மாவை. டப்பாவின் பின்புறம் பொடியெழுத்தில் இருக்கும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சாம்பார் உண்ணும் நான் அதை முதன்முறையாகப் படித்தது அன்றுதான். இட்லி பசையமற்றது என்று உலகுக்கு அறிவிப்போர், அதன்மேல் ஊற்றியதைப் பற்றி என்றாவது கேட்டதுண்டா? ரவா தோசையும் ரவா இட்லியும் கோதுமை என்பதாவது அவர்களுக்கு நினைவிருக்குமா?

இன்னொன்று மாவு மில். பொட்டலம் வேண்டாம், அரிசியை மில்லில் கொடுத்துத் திரித்துக்கொள்ளலாம் என்பர் சிலர். நமக்கு முன்னால் நிற்பவர் கோதுமை வைத்திருப்பார். அதே கல், அதே தகரக் குழாய். நமக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அந்தப் பையனுக்கு ஆகும்.

இந்த இடத்தில் பொட்டலக்காரருக்கு நான் ஒரு நியாயம் செய்தாக வேண்டும். சோதித்து, முத்திரையிட்டு, பொறுப்பேற்று விற்கும் பொட்டலம், வாய்வார்த்தைப் பெருமையைவிட அந்தக் குழந்தைக்கு மேலானது. அவனுக்கு அது உயிர்ப் பாதுகாப்பு. என் சண்டை, நோயேதுமின்றி நாகரிகத்துக்காகக் கோதுமையைத் துறந்து அப்பொட்டலத்தின் விலையை ஏற்றிவிட்டிருக்கும் கூட்டத்தோடு. உண்மையிலேயே நோய் இருக்கிறதோ என்று ஐயுறுவோர் பரிசோதனைக்கு முன்னரே கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் குருதிச் சோதனை பொய்த்துப் போகும். இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. அந்தக் குடும்பத்தின் வருவாயில் மாதம் ஒரு பொட்டலம்கூட இயலாது என்பதையும் சொல்வதில்லை.

*

எனவே அரைப்பதுதான் வழி. என் மனைவி அக்குடும்பத்தை வீட்டுக்கு அழைத்தாள். நாங்கள் நால்வருமாக அரைத்தோம். முறையைப் பதிந்து வைக்கிறேன். இலக்கிய வாசகர்கள் பொறுத்தருள்க.

பச்சரிசி ஒன்று, இட்லி அரிசி ஒன்று, முழு உளுந்து அரைக்கால் பங்குக்கு மேல் கால் பங்குக்குள், வெந்தயம் ஒரு தேக்கரண்டி. பொறுக்கிப் பார்த்துக் களைய வேண்டும். கோணியில் கோதுமை மணி கலந்து வருவதுண்டு. நான்கைந்து மணி நேரம் ஊறல். உளுந்தையும் வெந்தயத்தையும் தனியே, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, நுரைக்க அரைக்க வேண்டும். ஒரு சிட்டிகை எடுத்து நீரில் போட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். அரிசியோடு ஒரு பிடி பழைய சோறு சேர்த்து நைசாக அரைத்து, இரண்டையும் கையால் கலக்க வேண்டும். உப்புப் போட்டு, பாதிக் கலம் காலியாக விட்டு, மூடி வைத்தால் சித்திரையில் ஆறு மணி நேரம், மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம் அல்லது அதற்கும் மேல். பொங்கிய மாவை ஆட்டிக் கலக்கினால் பிடித்து வைத்த காற்றெல்லாம் போய்விடும். பக்கவாட்டில் கரண்டியை விட்டு அப்படியே அள்ள வேண்டும்.

பான்கேக் போல வேண்டுமென்றால் தேய்க்கக் கூடாது. சிறு கல்லில் ஒரு கரண்டி ஊற்றி, தானாகப் பரவவிட்டு, மூடி, தீயைத் தணித்துவிட வேண்டும். மேலே கண் விட்டு ஈரம் வற்றியதும் திருப்பினால் ஒரு விரற்கடை உயரத்துக்கு மெத்தென்று வரும். இனிப்புக்கு ஒரு பூவன் பழத்தையும் வெல்லப் பாகையும் ஊற்றுவதற்குச் சற்று முன் கலந்தால் போதும். முன்பே கலந்தால் புளிப்பு மிஞ்சும். சப்பாத்திக் கல்லை இதற்குப் பயன்படுத்தலாகாது. பையனுக்கென்று கல், கரண்டி, துணி எல்லாம் தனி.

முதல் முறை மாவு பொங்கவில்லை. கிரைண்டர் சூடேறி உளுந்து வெந்துவிட்டது. குளிர்ந்த தண்ணீர் தெளிக்க மறந்தவன் நான். எங்கள் வீட்டில் இருபது ஆண்டுகளாகப் பஞ்சு போன்ற இட்லியை உண்டு வருகிறேன். அதற்கு முன் அம்மா கையால். உளுந்து சூடேறக் கூடாது என்பது ஐம்பதை நெருங்கும் வயதில் எனக்குச் செய்தியாக வந்து சேர்ந்தது. பாட்டி புகழ் பாடுவோர் அனைவரும் ஆண்கள், அவர்களுள் ஒருவரும் மாவு அரைத்ததில்லை என்று நான் அடித்துச் சொல்ல நினைத்தபோது என் முகமும் நடுவில் வந்து நின்றது.

கோவையில் 1950களில் மின்சார ஆட்டுக்கல் பிறந்தது. 2011 முதல் சில ஆண்டுகள் குடும்ப அட்டைக்கு ஒரு கிரைண்டரை அரசே கொடுத்தது. அதே 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசிக்கு விலையில்லை. கருவியும் அரிசியும் கையில் இருந்தும் இப்பகுதியில் மாவு பாக்கெட்டுகள் விற்றுத் தீர்கின்றன என்றால் பெண்களைக் குறை சொல்வோர் உண்டு. அதிகாலை நான்கரைக்கு ஆலைப் பேருந்து சாலையில் வந்து நிற்கிறது. அதில் ஏறும் பெண் எப்போது ஊறவைத்து எப்போது அரைப்பாள்? விடுதியில் தங்கியிருப்பவளுக்கு அடுப்பே கிடையாது. 2021 டிசம்பரில் இதே பகுதி மின்னணு ஆலையொன்றின் விடுதியுணவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அவர்களின் தோழியர் திருப்பெரும்புதூருக்கருகே நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். ஆரோக்கிய உணவு பற்றிய நம் உரையாடல்கள் அந்தச் சாலையை அன்றும் கடக்கவில்லை, இன்றும் கடப்பதில்லை. பாட்டி அரைத்தாள், பேத்தி அரைக்கவில்லை என்று அங்கலாய்ப்பவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமே உளுந்து கழுவலாம். யாரும் தடுக்கவில்லை.

என் வகுப்பறையும் தப்பவில்லை. 2022 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் முதலாண்டுப் பொறியியல் மாணவர்க்குத் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என இரு தாள்கள் உண்டு. இரும்பு உருக்குதல், மணிகள் செய்தல், முத்துக்குளித்தல், குமிழித்தூம்பு எல்லாம் அதில் இருக்கின்றன. நடத்துவதற்கு எனக்கும் மகிழ்ச்சியே. வேளாண் பதப்படுத்தல் என்றும் ஒரு சொல் இருக்கிறது. அச்சொல்லுக்குள் ஊறலும் அரைப்பும் புளிப்பும் அடங்கும் என்று நான்கூடச் சென்ற ஆண்டுவரை நடத்தியதில்லை. அகழாய்வில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தால்தான் தொழில்நுட்பம், அடுக்களையிலிருந்து எடுத்தால் வீட்டுக்குறிப்பு என்று யார் வகுத்தது? சிற்றிதழ்களில் நாற்பது ஆண்டுகளாக உடலரசியலும் பெண்மொழியும் பேசியிருக்கிறோம். காணுதல், பொங்குதல், கண் விடுதல், பதம், பக்குவம் என்று மாவைச் சுற்றிப் பெண்கள் கட்டி வைத்திருக்கும் சொற்களஞ்சியத்தை ஒரு கட்டுரையிலாவது தொகுத்தோமா? நாம் விட்ட இடத்தில்தான் ‘ஃப்ளஃபி’ வந்து உட்கார்ந்தது.

மூன்றாம் முறை மாவு பொங்கியது. அந்தத் தாய் கலத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மகளிடம் இந்தியில் ஏதோ சொன்னாள். மாணவி மொழிபெயர்த்தாள்: அவர்கள் ஊரில் அரிசியை மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, இடித்து, வெல்லம் கலந்து ‘அனர்சா’ என்று ஒன்று செய்வார்களாம். அவளுடைய மாமியார் செய்வாராம். அரிசியை உலர்ந்த மாவாக வாங்கினால் அது வராதாம், ஈர மாவுதான் வேண்டுமாம். என் மனைவி சிரித்துவிட்டாள். அது நம் அதிரசம். மூன்றாண்டுகளாக மகனுக்கு என்ன கொடுப்பது என்று அலைந்தவளுக்கு அது நினைவுக்கு வராமல் போனது எப்படி என்று கேட்டேன். “பண்டிகைக்குச் செய்வது சார், அதைச் சாப்பாடு என்று யாரும் சொன்னதில்லை” என்றாள் மாணவி.

இப்போது அவர்கள் வீட்டில் தவணையில் வாங்கிய சிறு கிரைண்டர் ஒன்று இருக்கிறது. பையன் எட்டு மாதத்தில் நான்கு கிலோ ஏறியிருக்கிறான். கட்டிப் பெருங்காயத்துக்குப் பதிலாக அரிசி மாவு சேர்த்த டப்பாவைத் தேடிப் பூந்தமல்லிவரை போகிறார்கள். சென்ற வாரம் ஒரு தூக்குவாளியில் அனர்சா வந்தது. வாளியை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று என் மனைவி அதில் அரைப்படி உளுந்து போட்டுக் கொடுத்தாள். நான் தட்டில் கொட்டி, கோதுமை மணி ஏதும் கலந்திருக்கிறதா என்று பொறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொண்டு போனேன்.